கோல்ட் துப்பாக்கி நிறுவனத்தை வீழ்த்தியது வேலைநிறுத்தமா, ஆர்டரா, கடனா?

தோட்டத்துக்_கிராணி எழுதியது:

சிலாங்கூரின் பத்து ஆராங் ஊரில் இருக்கும் எஸ்எம்இ ஆர்ட்னன்ஸ் ஆயுதத் தொழிற்சாலை, அமெரிக்காவின் கோல்ட் நிறுவனத்திடம் உரிமம் பெற்று நம் மலேசிய இராணுவத்துக்கு எம்4 துப்பாக்கிகளைத் தயாரித்துக் கொடுத்தது என்பது பெஸ்தாரி ஜெயாவிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் பலருக்குத் தெரிந்த செய்திதான். அந்த உரிமத்தைக் கொடுத்த நிறுவனமே 2015 ஜூன் மாதத்தில் கடன்காரர்களிடமிருந்து தற்காத்துக்கொள்ளத் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றப் படியேறியதை நம்மில் அதிகம் பேர் கவனிக்கவில்லை. வேறோர் இழையில் ஒருவர், "துப்பாக்கிக்கு மவுசு குறைந்தது, கம்பெனி படுத்துவிட்டது" என்று ஒரே வரியில் முடித்திருந்தார். அதை ஏற்க எனக்கு மனம் வராததால் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

சாமுவேல் கோல்ட் தம் முதல் ஆலையை 1836இல் நியூ ஜெர்சியின் பாட்டர்சன் நகரில் தொடங்கினார். வாங்க ஆளில்லாமல் ஆறே ஆண்டுகளில் அது மூடப்பட்டது. 1847இல், மெக்சிகோ போரின்போது, அமெரிக்க அரசு 1,000 ரிவால்வர்களுக்கு ஆர்டர் கொடுத்த பிறகுதான் அவருக்கு மறுவாழ்வு கிடைத்தது. 1855இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்டில் எழுந்த ஆலையின் உச்சியில் நட்சத்திரம் பதித்த நீல நிறக் கும்மட்டமும் அதன்மேல் முன்கால் தூக்கி நிற்கும் குதிரைக்குட்டிச் சிலையும் இருந்தன. படத்தில் பார்த்தால் ஆயுதத் தொழிற்சாலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். பிறகு 1873ஆம் ஆண்டு ரிவால்வர், 1911ஆம் ஆண்டு கைத்துப்பாக்கி, 1959இல் ஆர்மலைட் நிறுவனத்திடமிருந்து ஏஆர்-15 துப்பாக்கியின் உரிமையை வாங்கி அதை எம்16 ஆக வியட்நாமுக்கு அனுப்பியது என்று கதை நீள்கிறது.

இத்தனை காலத்திலும் அரசாங்கம் வாங்கினால் நிறுவனம் வாழ்ந்தது. அரசாங்கம் வேறு பக்கம் திரும்பினால் தள்ளாடியது. ஆனால் தள்ளாடுவது வேறு, விழுவது வேறு. 2015இல் அதை விழவைத்தது விற்பனைச் சரிவைவிட உரிமையாளர்கள் அதன் தலையில் ஏற்றிய கடன்தான் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

——

வியாபாரக்கண் எழுதியது:

கிராணி ஐயா, நீங்கள் வேலைநிறுத்தத்தை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் தாண்டிப் போய்விட்டீர்கள். 1986 ஜனவரியில் கோல்ட் தொழிலாளர்கள் வெளிநடப்புச் செய்து, 1990 வரை நான்கு ஆண்டுகள் வாசலில் நின்றார்கள். கனெக்டிகட் மாநில வரலாற்றிலேயே மிக நீண்ட வேலைநிறுத்தம் அதுதான் என்கிறார்கள். அந்த இடைவெளியில், 1988இல், எம்16 ஒப்பந்தம் பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனத்துடைய அமெரிக்கக் கிளைக்குப் போனது. கைதேர்ந்த ஆட்கள் வெளியே நிற்க, புதிதாகச் சேர்த்தவர்களை வைத்து ஓட்டினால் எந்த ஆலைதான் ஒப்பந்தத்தைக் காப்பாற்றிக்கொள்ளும்? கடன் எல்லாம் அதற்குப் பிறகு வந்தது. இராணுவ ஆர்டர் கையில் இருந்திருந்தால் கடன் வாங்க வேண்டிய தேவையே வந்திருக்காது.

——

தொழிற்சங்கப்_பிள்ளை எழுதியது:

வியாபாரக்கண் அண்ணன் பாதியைத்தான் சொல்கிறார். நான்கு ஆண்டு வெளியே நிற்பது யாருக்கும் உல்லாசப் பயணம் அல்ல. சம்பளம் இல்லாமல் ஒரு மாதம் ஓட்டுவது எப்படிப்பட்டது என்பதைத் தோட்டத்தில் வளர்ந்த நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அந்த வேலைநிறுத்தம் தொடர்பான வழக்கில் தொழிலாளர் உறவு வாரியத்தின் நீதிபதி நிறுவனத்துக்கு எதிராகத்தான் தீர்ப்பளித்தார். 1990இல் அவர்கள் நிலுவைச் சம்பளத்தோடும் நிறுவனத்தில் ஒரு பங்கோடும் உள்ளே திரும்பினார்கள். அப்போது அதன் உரிமை பெரிய குழுமமான கோல்ட் இண்டஸ்ட்ரீஸிடமிருந்து தனியார் முதலீட்டாளர்களின் கைக்கு மாறியது.

எனக்கு உறுத்துவது வேறு. அந்த 1990ஆம் ஆண்டுக் கொள்முதலில் கனெக்டிகட் மாநில அரசு தன் ஊழியர்களின் ஓய்வூதிய நிதியிலிருந்து 25 மில்லியன் டாலரைப் போட்டது. நம் ஊரில் ஊழியர் சேமநிதியான இபிஎஃப் பணத்தை எடுத்து, ஒப்பந்தம் பறிபோன துப்பாக்கி ஆலை ஒன்றில் போட்டார்கள் என்றால் சாப்பாட்டுக் கடைகளில் பேச்சு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். இரண்டே ஆண்டுகளில், 1992இல், நிறுவனம் திவால் நீதிமன்றத்துக்குப் போனது. ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் சேர்த்த அந்தப் பணத்தின் பெரும்பகுதி திரும்பி வரவில்லை.

ஆகவே வேலைநிறுத்தம் 1992ஆம் ஆண்டு வீழ்ச்சிக்கு ஒரு காரணம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். 2015க்கும் அதையே காட்டுவது கால் நூற்றாண்டுக்கு முந்திய பாவத்தைப் பேரப்பிள்ளைகள் தலையில் கட்டுவதாகும். இடையில் 1994இல் புதிய உரிமையாளர்கள் வந்தார்கள், எம்4 வந்தது, ஆப்கானிஸ்தான், ஈராக் போர்கள் வந்தன. சம்பாதிக்க அதைவிட நல்ல காலம் அந்த நிறுவனத்துக்கு வாய்த்திருக்குமா?

——

பத்து_ஆராங்_வாசி எழுதியது:

லேத் இயந்திரத்தில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் ஒரு விஷயத்தைச் சேர்க்கிறேன். துப்பாக்கி ஆலைகளின் பேச்சில் எல்லோரும் பெயரையும் பரம்பரையையும் பார்க்கிறார்கள். வரைபடக் கட்டை யாரும் பார்ப்பதில்லை. ஒரு துப்பாக்கியின் ஒவ்வோர் உறுப்புக்கும் எந்த உலோகம், எவ்வளவு சூட்டில் பதப்படுத்துவது, துளையின் விட்டம் ஆயிரத்தில் எத்தனை பங்கு கூடலாம் குறையலாம் என்பதெல்லாம் அந்தக் கட்டில் இருக்கும். அது கையில் கிடைத்து, அளவுமானிகளும் சரியாக இருந்தால், ஹார்ட்ஃபர்டில் கோல்ட் செய்ததும் தென் கரோலினாவில் எஃப்என் செய்ததும் ஒரே சாமான்தான். ஒன்றன் உறுப்பைக் கழற்றி மற்றொன்றில் மாட்டலாம். இராணுவம் கேட்பதும் அதைத்தான். அப்படிப்பட்ட சாமானில் தயாரிப்பவரின் கைவண்ணத்துக்குக் கூடுதல் விலை கேட்க முடியாது.

எம்4 வரைபடங்களின்மீது கோல்ட்டுக்குத் தனியுரிமை இருந்தவரை அமெரிக்க இராணுவம் அவர்களிடம்தான் வாங்கியாக வேண்டியிருந்தது. 2009 வாக்கில் அந்தப் பிடி தளர்ந்தது. அதன்பிறகு டெண்டர் வந்தது. 2012இல் முதலில் போட்டி நிறுவனமான ரெமிங்டன் வென்றது; கோல்ட் ஆட்சேபித்து மறுபடியும் விலை கேட்க வைத்தது; 2013 பிப்ரவரியில் எஃப்என் 1,20,000 துப்பாக்கிகளை ஏறத்தாழ 77 மில்லியன் டாலருக்கு எடுத்துக்கொண்டது. வகுத்துப் பாருங்கள், ஒன்று சுமார் 642 டாலர். ஆட்சேபித்தவருக்குக் கிடைத்தது போட்டியாளரின் குறைந்த விலை மட்டுமே.

ஒரே வாங்குபவரை நம்பியிருப்பது என்னவென்று எங்கள் ஊருக்குத் தெரியும். பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தின் பெரிய வாடிக்கையாளர்கள் இரயில்வேயும் மின்நிலையங்களும்தான். அவர்கள் எண்ணெய்க்கு மாறினார்கள். 1960இல் சுரங்கம் மூடப்பட்டது. நிலக்கரி தீர்ந்ததால் மூடியது அல்ல.

அதனால் கிராணி ஐயா, கடனுக்கு முன்னால் ஆர்டரைத்தான் வைப்பேன்.

——

செம்பனைக்காடு எழுதியது:

கடன் பிரிவில் வேலை பார்ப்பவள் என்பதால் எனக்கு எண்கள்தான் முதலில் கண்ணில் படுகின்றன. வாசி அண்ணன் சொன்ன ஆர்டர் இழப்பு 2013இல் நடந்தது. ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, போர்க்கால விற்பனை உச்சத்தில் இருந்த 2009இல், இராணுவப் பிரிவான கோல்ட் டிஃபென்ஸ் 250 மில்லியன் டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. வட்டி ஆண்டுக்கு 8.75 விழுக்காடு, அசலை 2017இல் திருப்பித் தர வேண்டும். அந்தப் பணத்தில் புது இயந்திரமோ புது வடிவமைப்போ வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பழைய கடனை அடைக்கவும், சையன்ஸ் கேப்பிட்டல் உள்ளிட்ட உரிமையாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கவும் போனது அது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 250 மில்லியனுக்கு 8.75 விழுக்காடு என்றால் ஆண்டு வட்டி 21.875 மில்லியன். அரையாண்டுக்கு ஒரு முறை கட்டினால் ஒவ்வொரு தவணையும் ஏறத்தாழ 10.9 மில்லியன். ஒரு துப்பாக்கி 642 டாலருக்கு விற்கும் சந்தையில், அடக்கச் செலவு எதையும் கழிக்காமல் முழு விலையையும் வட்டிக்கே கொடுத்தாலும், ஒரு தவணைக்கு ஏறத்தாழ 17,000 துப்பாக்கிகள் விற்றாக வேண்டும். இலாபத்தை மட்டும் வைத்துக் கட்டுவதென்றால் அதன் பல மடங்கு. அசலைப் பற்றி இன்னும் பேசவே இல்லை.

அதோடு நின்றார்களா? 2013இல், ஆர்டர் போன அதே ஆண்டில், 2000களின் தொடக்கத்தில் தாங்களே தனியாகப் பிரித்து வைத்திருந்த பொதுமக்கள் விற்பனைப் பிரிவைச் சுமார் 60 மில்லியன் டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள், அதற்கும் கடன்தான். 2014இல் அமெரிக்கப் பொதுமக்கள் சந்தை வற்றியது. அந்த ஆண்டு நவம்பர் வட்டித் தவணையைக் கட்ட மோர்கன் ஸ்டான்லியிடம் 70 மில்லியன் கடன் எடுத்தார்கள். வட்டி கட்டக் கடன் எடுப்பவரின் மனுவை எங்கள் அலுவலகத்தில் எந்தத் தட்டில் போடுவோம் என்று இங்கே எழுத வேண்டாம். 2015 மே மாதத் தவணையைக் கட்ட முடியவில்லை. முப்பது நாள் சலுகைக் காலம் முடிவதற்குள் நீதிமன்றம் போனார்கள்.

ஆர்டர் இழந்த நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்து, ஆலையைச் சுருக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த டெண்டர்வரை காத்திருக்கும். வட்டித் தவணைக்குக் காத்திருக்கத் தெரியாது. இதுதான் கிராணி ஐயாவின் வாதத்துக்கும் வாசி அண்ணனின் வாதத்துக்கும் நடுவில் நான் காணும் வேறுபாடு.

——

வியாபாரக்கண் எழுதியது:

அக்காவின் கணக்கில் குறை காண முடியவில்லை. இருந்தாலும் கடனை மட்டும் வில்லனாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற இன்னோர் அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் டாம்கின்ஸ் குழுமம் அதை 1987இல் 112 மில்லியன் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2000ஆம் ஆண்டில் துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகள் பற்றிக் கிளின்டன் அரசாங்கத்தோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். அமெரிக்கத் துப்பாக்கி வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்து புறக்கணித்தார்கள். அடுத்த ஆண்டே, 2001இல், டாம்கின்ஸ் அதை 15 மில்லியன் ரொக்கத்துக்குக் கைமாற்றிவிட்டு வெளியேறியது. அங்கே மதிப்பைக் கரைத்தது வட்டி அல்ல, கடைக்கு வந்து வாங்குபவனின் கோபம். பிறகு அதே நிறுவனம் அதே வாடிக்கையாளரைத் தேடிப் போய்ச் சமாதானம் செய்து பிழைத்துக்கொண்டது.

கோல்ட்டோ 1999 வாக்கில் பொதுமக்களுக்கான கைத்துப்பாக்கி வகைகளில் பெரும்பாலானவற்றைத் தானாகவே கைவிட்டது. கடைக்காரர் கேட்டார், சரக்கு இல்லை. அந்த இடத்தைக் குளோக், ரூகர் என்ற போட்டி நிறுவனங்கள் பிடித்துக்கொண்டன. இராணுவம் கைவிட்ட நாளில் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒருவரும் நிற்கவில்லை. இது வியாபாரத் தவறு. கடன் அந்தத் தவறை வெளியே காட்டியது, அவ்வளவே.

——

தோட்டத்துக்_கிராணி எழுதியது:

வியாபாரக்கண் தம்பி நல்ல எடுத்துக்காட்டைக் கொண்டுவந்தார். சந்தைதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்றால், ரெமிங்டனுக்கு நடந்ததை அவர் எப்படி விளக்குவார்?

ரெமிங்டன் 1816இல் தொடங்கியது, கோல்ட்டைவிட இருபது வயது மூத்தது. கோல்ட்டைப் போல இராணுவத்தையே நம்பியிருந்ததும் அல்ல. வேட்டைத் துப்பாக்கிகளுக்குப் பேர் போனது. செர்பெரஸ் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனம் 2007இல் அதை 118 மில்லியன் டாலருக்கு வாங்கி, ஏற்கெனவே இருந்த கடனையும் ஏற்றுக்கொண்டது. பிறகு மார்லின், புஷ்மாஸ்டர் என்று பல நிறுவனங்களை ஒரே குடையின்கீழ்ச் சேர்த்து, கடனை மேலும் வளர்த்தது. 2012இல் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளிப் படுகொலையில் பயன்பட்டது புஷ்மாஸ்டர் துப்பாக்கி. அதன்பின் நிறுவனத்தை விற்கப் பார்த்தும் முடியவில்லை. 2018 மார்ச்சில் முதல் திவால் மனு, 2020 ஜூலையில் இரண்டாவது மனு.

அந்த 2020ஆம் ஆண்டைத்தான் கவனிக்க வேண்டும். தொற்றும் கலவரமும் தேர்தலும் ஒன்றாக வந்த ஆண்டு அது. துப்பாக்கி வாங்க வருபவர்கள்மீது அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத் துறை நடத்திய பின்னணிச் சோதனைகள் மட்டும் ஏறத்தாழ 39.7 மில்லியன், அதுவரை எந்த ஆண்டிலும் இல்லாத எண்ணிக்கை. கடைகளில் துப்பாக்கியும் தோட்டாவும் அலமாரிக்கு வரும் முன்பே தீர்ந்தன. வாங்க வரிசையில் ஆள் நிற்கும்போது, 204 வயதான நிறுவனம் ஒன்று ஏலத்துக்குப் போனது! தோட்டாப் பிரிவு விஸ்டா அவுட்டோருக்கு 81 மில்லியன் சொச்சம், மார்லின் ரூகருக்கு ஏறத்தாழ 30 மில்லியன், ரெமிங்டன் துப்பாக்கிப் பிரிவு வேறொருவருக்கு 13 மில்லியன். 13 மில்லியன்! வாங்கியவர் எடுத்துக்கொண்டது பெயரையும் இயந்திரங்களையும், கடனை அல்ல.

இந்த ஏலப் பட்டியலைப் படித்தபோது எனக்கு நம் தோட்டத் துண்டாடல்தான் நினைவுக்கு வந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விட்டுப்போன தோட்டங்களை வாங்கியவர்கள், மரத்தில் பால் வற்றியதாலா அவற்றைக் கூறுபோட்டார்கள்? முழுத் தோட்டமாக வைத்திருப்பதைவிடத் துண்டுகளாக விற்றால் போட்ட பணம் சீக்கிரம் திரும்பும் என்பதுதான் கணக்கு. லயத்தில் இருந்தவர்கள் அந்தக் கணக்கில் எந்தப் பத்தியிலும் இல்லை. அதைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்களிடம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். அங்கே, ரெமிங்டன் ஆலை இருந்த இலியனில், அப்படி ஒருவர் வரவில்லை.

——

லயத்து_மீனா எழுதியது:

பெரியவர்கள் எல்லாரும் எழுதுகிறீர்கள், நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ரெமிங்டனில் வேலை பார்த்தவர்களுக்கு என்ன ஆனது என்று யாராவது சொல்ல முடியுமா?

——

தொழிற்சங்கப்_பிள்ளை எழுதியது:

மீனா தங்கச்சி, நல்ல கேள்வி. நியூயார்க் மாநிலத்தின் இலியன் என்ற சிற்றூர்தான் ரெமிங்டனின் பிறப்பிடம். ஆலை நடுவில், வீடுகள் சுற்றிலும் என்று கிட்டத்தட்ட நம் தோட்டத்து ஊர்களின் அமைப்பு. அங்கே ஆட்களின் சார்பில் பேசியது சுரங்கத் தொழிலாளர் சங்கம். 2020 அக்டோபரில், ஏலம் முடிந்த கையோடு, 585 பேரை வேலையிலிருந்து நீக்கினார்கள். வேலைநீக்கத் தொகையும் மருத்துவச் சலுகையும் கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள். சங்கம் வழக்காடியது. புதிய உரிமையாளர் சிலரைத் திரும்ப எடுத்து ஆலையை ஓட்டினார். ஆனால் 2024 மார்ச்சில் அதையும் மூடி வேலையை ஜார்ஜியா மாநிலத்துக்குக் கொண்டுபோய்விட்டார்.

சாண்டி ஹூக் படுகொலையில் உறவுகளை இழந்த குடும்பங்கள் ரெமிங்டன்மீது தொடுத்த வழக்கு 2022இல் 73 மில்லியன் டாலருக்குச் சமரசமானது. அந்தப் பணம் காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து வந்தது. ஆதலால் "வழக்குதான் ரெமிங்டனை அழித்தது" என்று யாராவது எழுதினால் ஆண்டு வரிசையைப் பார்க்கச் சொல்லுங்கள். சமரசத்துக்கு முன்பே நிறுவனம் துண்டாகிவிட்டது.

——

பத்து_ஆராங்_வாசி எழுதியது:

கோல்ட் இன்னும் மூடப்படவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும், ஏனென்றால் இழையைப் படிக்கும் சிலர் அது மண்ணோடு போய்விட்டதாக நினைக்கலாம். 2016 ஜனவரியில் ஏறத்தாழ 200 மில்லியன் டாலர் கடனைக் குறைத்துக்கொண்டு, 50 மில்லியன் புது முதலோடு நீதிமன்றத்திலிருந்து வெளியே வந்தது. 2019இல் பொதுமக்களுக்கான ஏஆர்-15 தயாரிப்பைச் சிறிது காலம் நிறுத்தியது. 2021இல் செக் நாட்டின் செஸ்கா ஸ்ப்ரோயோவ்கா குழுமம் 220 மில்லியன் டாலர் ரொக்கமும் பங்குகளும் கொடுத்து வாங்கியது. அடுத்த ஆண்டு வாங்கியவரே தம் பெயரைக் கோல்ட் சிஇஸட் குழுமம் என்று மாற்றிக்கொண்டார். ஆலை இப்போதும் மேற்கு ஹார்ட்ஃபர்டில் ஓடுகிறது. நீலக் கும்மட்டம் இருந்த பழைய கட்டடம் தேசிய வரலாற்றுப் பூங்காவின் எல்லைக்குள் வந்துவிட்டது.

கடன் இறங்கியதும் அதே ஆலை, அதே துப்பாக்கி, அதே ஆட்கள் என்று மறுபடி ஓடுகிறது என்பது கிராணி ஐயாவின் பக்கம் கொஞ்சம் எடை கூட்டுகிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆர்டர்தான் முதல் காரணம் என்ற என் கருத்து மட்டும் மாறவில்லை. ஆர்டர் நிலைத்திருந்தால் அந்த வட்டியையும் எப்படியாவது கட்டியிருப்பார்கள்.

——

வியாபாரக்கண் எழுதியது:

ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். கோல்ட்டை வாங்கச் செக் குழுமமும் கடன் பத்திரம் வெளியிட்டுத்தான் பணம் திரட்டியது. அக்கா இதை என்ன சொல்வார்?

——

செம்பனைக்காடு எழுதியது:

கேட்க வேண்டிய கேள்விதான், தம்பி. அவர்கள் எடுத்தது ஆலையை வாங்க. 2009இல் எடுத்தது பெருமளவுக்கு உரிமையாளர்கள் பணத்தை வெளியே எடுக்க. செக் குழுமம் 2020இல் பிராக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. வட்டி கட்ட அதற்குச் சொந்தமாகப் பல நாடுகளில் விற்பனை இருக்கிறது, ஒரே இராணுவத்தின் டெண்டரை நம்பியில்லை. எங்களிடம் வரும் மனுக்களிலும் நாங்கள் முதலில் கேட்பது இந்த இரண்டைத்தான்: பணம் எதற்கு, கட்டப்போவது எந்த வருமானத்திலிருந்து. கோல்ட் டிஃபென்ஸ் 2009இல் இந்த இரண்டாவது கேள்விக்கு "எம்4" என்றுதான் பதில் எழுதியிருக்க முடியும். தனியுரிமையின் பிடி தளர்ந்த ஆண்டும் அதே 2009தான் என்பதை வாசி அண்ணன் மேலே எழுதியிருக்கிறார். அந்தப் பத்திரத்தை வாங்கியவர்கள் இதைக் கேட்காமல் விட்டதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.